மேல்காற்றை மறிக்கும் வேம்பு

காற்றில் சுழன்று கரண்டு தரும் காற்றாடியை நட, காற்றாடிக்காரர் கோவில்பட்டியிலிருந்து இன்று இடம் பார்க்க வந்தார். கரண்டுக் கம்பம் எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. எனக்கும், காலமான தம்பியின் மனைவி கோமதிக்கும் வீட்டுக்கொரு பல்பு எரிந்தால் போதும்.

"அண்ணாச்சி, மேல்காத்தை இந்த வேம்பு மறிக்குது. வெட்டிருங்க."

"களத்துல நட்டா?"

"அவ்வளவு தூரம் வயர் இழுத்தா பல்பு மின்மினிப்பூச்சி மாதிரிதான் எரியும்."

வேம்பை நிமிர்ந்து பார்த்தேன். மழையில்லாத ஒரு வருஷம் கோமதியின் மகன் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனான். அன்று சாயங்காலமே அவள் இந்த வேம்பில் மஞ்சள் துணியை முடிந்தாள். அவன் திரும்பினால்தான் அவிழ்ப்பாள். முடிச்சு அப்படியே இருக்கிறது.

"வேற இடம் பாரும்" என்றேன்.

கேட்டுக்கொண்டு நின்ற கோமதி சொன்னாள்: "வெட்டுங்க அத்தான். அவன் ராத்திரி வந்தான்னா, இருட்டுல வீடு தெரியாம திரும்பிப் போயிரக் கூடாதுல்லா."

"நாளைக்குச் சொல்லுதேன்" என்று காற்றாடிக்காரரை அனுப்பிவிட்டேன்.

அவர் தலை மறைந்ததும் கோமதி கோடாலியைக் கொண்டுவந்து என் வாசலில் சாத்திவிட்டுப் போனாள்.

வேம்பை வெட்டாமல், காற்றாடியை அதுக்கு மேலே தூக்கி நிறுத்துகிற உயரத்தில் கம்பம் யாரிடமாவது இருந்தால் உடனே சொல்லி அனுப்புங்கள். விடிந்தால் நான் அவள் முகத்தில் விழிக்க வேண்டும்.