ஒராளுக்கான பிளாஸ்க்

மெல்பேர்ன், 1977. விக்டோரியா மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனம் குறைந்ததால் தொகுதிகளை மாற்றி வரைந்திருக்கிறார்கள். தபால் கந்தோர்ச் சுவரில் புதிய வரைபடம் தொங்குகிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் சிவம் அண்ணை தன் தெருவில் விரல் வைக்கிறார். எல்லைக்கோடு தெருவின் நடுவால் போகிறது.

எதிர்வீட்டு ஜோன், அண்ணையின் கட்சிக்கு எதிர்க்கட்சிக்காரர். தேர்தலன்று மட்டும் இருவரும் வாக்களிப்பு நடக்கும் பள்ளிக்கூட வாசலில் கட்சித் துண்டுப்பிரசுரங்கள் கொடுத்தபடி, ஜோன் கொண்டுவரும் பிளாஸ்கிலிருந்து தேநீர் குடிப்பார்கள். மற்ற நாட்களில் வெறும் தலையசைப்பு.

"இனி அவர் வேறை பள்ளிக்கூடமோ, அண்ணை?"

"ஓம். இந்தத் தெருவிலை என்னோடை முதல் கதைச்ச ஆள். என்ரை துண்டு வேண்டாமெண்டு சொல்லத்தான் கதைச்சவர்."

சிரிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. திரும்பும் வழியில் ஒரு கடையில் சின்ன பிளாஸ்க் ஒன்றை எடுத்து, எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கிறார்.

"ஒராளுக்கு இது காணும், என்ன?"