இடப்பக்கத் தாழ்ப்பாள்

நான் டெக்சாசுக்குப் போனதே குறை கண்டுபிடிக்கத்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மகள் ஏழு வருஷமாக சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் ஒரு டெக்சாஸ்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஒருநாள் போனில் சொன்னாள். நான் நியூ ஜெர்சி பார்சிப்பனியில் எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு கத்தினேன், அழுதேன், மூன்று வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "அம்மா, தேங்ஸ்கிவிங் லீவுக்கு அவங்க வீட்டுக்கு வா. அவனோட அம்மாகூட ரெண்டு நாள் இரு. அப்புறமும் வேண்டாம்னு சொன்னா நான் கேக்கறேன், ப்ராமிஸ். ஆனா சும்மா பிடிக்கலன்னு சொல்லக் கூடாது. நிஜமா ஒரு ரீசன் சொல்லணும்."

ஒரே ஒரு காரணம்தானே? எனக்கா கிடைக்காது? நான் ரயில்வே உத்தியோகஸ்தர் வீட்டில் மூன்று நாத்தனாரோடு குப்பை கொட்டியவள். இவள் வாக்குக் கொடுத்தால் மீற மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். டிக்கெட் போடச் சொன்னேன்.

சான் அன்டோனியோ ஏர்போர்ட்டிலிருந்து அந்தப் பையன் என்னையும் என் வீட்டுக்காரரையும் மகளையும் டிரக்கில் ஏற்றி இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனான். முள்ளுச் செடியும் வெள்ளைப் பாறையும் தவிர வழியில் ஒன்றும் இல்லை. வீட்டுக் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் கொம்போடு ஒரு மான் தலை. அப்பாடா, கிடைத்துவிட்டது காரணம் என்று நினைத்தேன். வெங்காயம் பூண்டுகூட அமாவாசைக்குச் சேர்க்காத வீடு எங்களுடையது. இதைவிட என்ன வேண்டும்?

அவனுடைய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவளாம். ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போய், கையெல்லாம் கீறலாக இருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு நேரே அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். புதுச் சட்டி ஒன்று, புதுப் பாத்திரம் இரண்டு, லேபிள்கூடப் பிய்க்காமல் வைத்திருந்தாள். இவற்றில் இதுவரை மாமிசம் பட்டதில்லை, நீங்கள் மட்டும் புழங்குங்கள் என்றாள். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டைத் துடைத்துக் காலி பண்ணித் தயிரும் பனீரும் அடுக்கியிருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. குறை பார்க்க வந்த இடத்தில் இப்படிப் பண்ணினால் மனுஷி என்னதான் செய்வது?

மறுநாள் காலை காபி குடித்ததும் என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உங்க கன்ஸைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். ஒரு மிக்சி வாங்க நாலு மாசம் எக்செல் ஷீட் போட்ட மனிதர் அவர். எதைப் பார்த்தாலும் நாலு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. நான் முறைத்ததை அவர் பார்க்கவேயில்லை.

பையனின் அம்மா இரும்பு அலமாரியைத் திறந்தாள். உள்ளே நாலு துப்பாக்கி. முதலில் ஒரு குட்டையான பழசை எடுத்து, குண்டு இல்லை என்று எங்களுக்குத் திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தாள். விசைக்குக் கீழே ஒரு வளையம் இருந்தது. அதைக் கீழே இறக்கி மேலே ஏற்றினால் அடுத்த குண்டு வந்து உட்காருமாம். அவள் மாமனாருடையது. புதருக்குள் நுழைந்து போவதற்கு இதுதான் லாயக்கு, நீளமான குழலாக இருந்தால் கிளையில் மாட்டும், ஆனால் தூரத்துக்கு ஆகாது என்றாள்.

அடுத்தது மகனுடையது. தோளில் பதிக்கும் கட்டை கறுப்பு பிளாஸ்டிக், கனமான குழல், மேலே என் முழங்கை நீளத்துக்கு ஒரு தொலைநோக்கி. மழைக்கு ஊறாது, வெயிலுக்கு வளையாது, எவ்வளவு தூரத்திலும் குறி பிசகாது என்று அவன் பெருமையாகச் சொன்னான். "அத்தனை தூரத்தில் நிற்கும் மானை நீ ஏன் சுட வேண்டும்? கொஞ்சம் கிட்டப் போகக் கற்றுக்கொள்" என்றாள் அம்மா. அவன் பதில் சொல்ல, அவள் திரும்பிச் சொல்ல, டிகிரி காபிக்கு எந்தக் கொட்டை என்று எங்கள் வீட்டில் நடக்கும் சண்டை மாதிரியே போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது அவளுடையது. மரக்கட்டை கை பட்டுப் பட்டு வழுவழுவென்று இருந்தது. சின்ன குண்டு, உதைப்பு குறைவு. தோள்பட்டையில் ஆபரேஷன் ஆன பிறகு பெரியதையெல்லாம் கொடுத்துவிட்டு இதற்கு மாறிவிட்டாளாம். உதைக்கும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் விசையை அழுத்துவதற்கு முன்னாடியே கண்ணை மூடிக்கொள்வோம், குறி தப்பும், மான் அடிபட்டுக்கொண்டு ஓடும், ராத்திரி முழுக்க எங்கேயோ கிடந்து சாகும் என்றாள். "ஒரே குண்டில் அது விழ வேண்டும். அதற்குத் தெரியவே கூடாது. அதனால்தான் எனக்கு இது."

கொல்கிறவள் இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறாள். நான் கரப்பான் பூச்சியை அடிப்பதற்கே வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவள், ஆனால் என் வாயால் எத்தனை பேரை அரைகுறையாக அடித்து ஓட விட்டிருக்கிறேன்! இது காரணமா, காரணம் இல்லையா? ஒன்றும் புரியவில்லை, போங்கள்.

"இதுல எதுதான் பெஸ்ட்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"யாருக்கு?" என்று கேட்டாள் அந்தம்மா.

அவர் நாலாவதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மட்டும் தாழ்ப்பாள் இந்தப் பக்கம் இருக்கே?" என்றார். தாழ்ப்பாள் என்றுதான் சொல்ல வேண்டும். கதவுத் தாழ்ப்பாள் மாதிரியே ஒரு கம்பியைத் தூக்கி இழுத்துத் தள்ளுகிறார்கள். வளையம் வைத்த பழசைத் தவிர மற்ற இரண்டுக்கும் அது வலப்பக்கம், இதற்கு இடப்பக்கம்.

"அது உங்கள் பெண்ணுடையது. இடதுகைக்காரர்களுக்குச் செய்தது" என்றாள்.

நான் சிரித்தேன். "நோ, நோ. ஷி ஈஸ் ரைட் ஹேண்டட்" என்றேன். என் மகளைப் பற்றி எனக்கே சொல்கிறாளே என்று இருந்தது. மகள் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தம்மா சாதாரணமாகச் சொன்னாள். வசந்த காலத்தில் இவள் வந்தபோது காகிதத்தில் குறி வைத்துச் சுடச் சொல்லிக் கொடுத்தார்களாம். வலது தோளில் வைத்துக்கொண்டு, கழுத்தைக் கோணி, இடது கண்ணை அங்கே கொண்டுபோகப் பார்த்தாளாம். ஒன்றுகூடப் படவில்லை. சாவியை வீசினால் இடது கையால் பிடிக்கிறாள், கேட்டை இடது கையால் திறக்கிறாள், சோடா மூடியை இடது கையால் திருகுகிறாள். நீ இடதுகைக்காரியா என்று கேட்டதற்கு "ஐ யூஸ்ட் டு பி" என்றாளாம். வலதுகைத் துப்பாக்கியை இடதுகைக்காரி இடது தோளில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் மேலே எக்கித் தாழ்ப்பாளை இழுக்க வேண்டும், சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி முகத்துக்குக் குறுக்கே பறக்கும். அதனால் மாசக்கணக்கில் தேடி இதைப் பிடித்துக்கொண்டு வந்து, இவள் முழங்கைக்கு அளவெடுத்துக் கட்டையையும் அறுத்துக் கொடுத்திருக்கிறாள்.

மூன்று வயசில் என் மகள் இடது கையால் சோறெடுக்கும் போதெல்லாம் அந்தக் கையில் ஒன்று வைப்பேன். "சோத்துக் கை, சோத்துக் கை" என்று சொல்லிச் சொல்லி இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்வேன். ஸ்கூல் டீச்சர் இயல்பாக விடுங்கள் என்று எழுதி அனுப்பினாள். அவளுக்கு என்ன தெரியும் என்று பென்சிலையும் மாற்றினேன். கோவிலில் யாராவது பிரசாதம் கொடுக்கும்போது இடது கையை நீட்டிவிட்டால் என் மானம் போய்விடாதா? ஒரு வருஷத்தில் சரியாகிவிட்டது. நாத்தனார்கள் எல்லாரிடமும் சரி பண்ணிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மதியம் வேலிக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, மணல் மூட்டை வைத்து, காதுக்கு மூடி மாட்டி, தூரத்தில் காகிதத்தை நிறுத்தினார்கள். மகள் இடது தோளில் துப்பாக்கியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழுத்து நேராக இருந்தது. சுட்டாள், தாழ்ப்பாளை இழுத்தாள், தள்ளினாள், திரும்பவும் சுட்டாள். சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, அவள் அசையவில்லை. அவள் எதையாவது அத்தனை சுலபமாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. கரண்டி பிடிப்பாள், கோணலாக. எழுதுவாள், கோழி கிளறினாற்போல. தத்தியாகப் பிறந்துவிட்டாள் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், பாவி.

மற்றவர்கள் காகிதத்தை எடுத்துவரப் போனபோது அவள் என்னிடம் வந்தாள். "காரணம் கிடைச்சுதா அம்மா?"

"துப்பாக்கி வெச்சிருக்காங்கடி. உயிரைக் கொல்றாங்க."

"ஓகே. அது நிஜமான ரீசன்தான்" என்றாள். முகம் வெளுத்துப்போயிற்று. "நீ அதைச் சொல்றேன்னா நான் ஒத்துக்கறேன். ப்ராமிஸ் பண்ணியிருக்கேன். சொல்றியா?"

சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் ப்ளேன் ஏறி வந்தேன். ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் என் வாயில் வந்தது வேறே. "சான் ஹோசேல எந்தக் கையில சாப்பிடறே?"

"லெஃப்ட்தான். காலேஜ் போனதுலேருந்தே. நம்ம வீட்டுக்கு வரும்போது மட்டும் ரைட்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"நீ சங்கடப்படுவேம்மா."

சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி கையை மாற்றிக்கொண்டு வந்து போயிருக்கிறாள், பத்துப் பன்னிரண்டு வருஷமாக! பெற்றவளுக்குத் தெரியவில்லை, பஸ் ஓட்டினவளுக்கு ஒரே நாளில் தெரிந்திருக்கிறது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "சரி, பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மான் தலை அங்கேயேதான் இருக்கிறது, எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். மேலெல்லாம் வெடிமருந்து வாசனை.

சாயங்காலம் அந்தப் புதுச் சட்டியில் புளியோதரை கிளறினேன். எல்லாரும் கையால் சாப்பிடுவது என்று பையன் அறிவித்துவிட்டான். மகள் எனக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கு எந்தக் கை வருதோ அந்தக் கையில சாப்பிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன், சத்தியமாக.

அவள் இடது கையால் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் எடுத்து உயர்த்தினாள்.

"ஏய், சோத்துக் கை!"

என் குரல்தான். என் கையும் மேஜைக்குக் குறுக்கே பாதி தூரம் போய்விட்டிருந்தது. நான் என்ன சொன்னேன் என்று அந்தம்மா கேட்டாள்.

"சாரிடி, வாய் தவறி வந்துடுச்சு, நீ சாப்பிடும்மா, அப்படியே சாப்பிடு" என்று நான் பதறினேன். அதற்குள் அவள் இடது கையைக் காகிதத்தில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால் சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"பரவால்லம்மா" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில்.