டோக்கன் அக்காவின் ஞாயிறுகள்

கண் மருத்துவமனையின் முன்மேசையில் பதினொரு வருடம் டோக்கன் கொடுத்ததால், அவளுக்கு டோக்கன் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. விவாகரத்துக்குப் பிறகு மகள் அப்பாவோடு வேறு ஊரில் வளர்ந்தாள். ஞாயிறு மாலைகளில் மட்டும் போன்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"நல்லா படிக்கிறியா?"

"ம்."

இரண்டு நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். அதற்குப் பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிறு மகள் தானாகவே வாய் திறந்தாள். "நெட்வொர்க்கிங் சான்றிதழுக்குப் படிக்கிறேன்மா. மண்டை காயுது."

மறுநாளே டோக்கன் அக்கா அதே புத்தகத்தை வாங்கினாள். முதல் அத்தியாயத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்காரரை நச்சரித்து, தூக்கிப்போட இருந்த, கம்ப்யூட்டர்களை இணைக்கும் பழைய ஸ்விட்ச் பெட்டியையும் கொஞ்சம் கேபிளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அடுத்த ஞாயிறு எடுத்த எடுப்பில் கேட்டாள்: "கேபிள் நுனியில எந்த நிற வயர் முதல்ல வரும்? சொல்லு பாப்போம்."

"அம்மா! உனக்கு எப்படி...?"

"வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை..." எட்டு நிறத்தையும் இருவரும் சேர்ந்து ஒப்பித்துச் சிரித்தார்கள்.

இன்னொரு ஞாயிறு கேட்டாள்: "ஒரு நெட்வொர்க்குல அறுபத்து நாலு முகவரி இருக்கு. அதுல ரெண்டை மட்டும் ஏன்டி எந்த மெஷினுக்கும் தரக்கூடாது?"

"ஒண்ணு அந்தத் தெருவோட பேருன்னு வெச்சுக்கோ. இன்னொண்ணு எல்லாரையும் ஒரே நேரத்துல கூப்பிட. நீ டோக்கன் நம்பர் கூப்பிடற மைக் மாதிரி."

பேச்சு ஒரு மணி நேரத்தைத் தொட்டது. இப்படியே ஐந்து மாதம் ஓடியது; அவளுக்கு ஞாயிறு வியாழக்கிழமையே தொடங்கிவிடும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோவிச்சுக்காதம்மா. நான் அதை விட்டுட்டேன். போட்டோ எடுக்கக் கத்துக்கப் போறேன். நீ எதுக்கு இன்னும் உயிரைக் கொடுத்துப் படிக்கிறே?"

உன்னோடு பேசத்தான் என்று தொண்டை வரை வந்தது. "பாதியில விட மனசு வரல" என்றாள்.

தனியாகப் போய் எழுதினாள். திரையில் 'தேர்ச்சி' என்று வந்ததும் படிக்கட்டில் நின்றபடியே மகளை அழைத்தாள். மகள் கூவியே விட்டாள். "கலக்கிட்டேம்மா! இப்ப கிளாஸ் இருக்கு, அப்புறம் பேசறேன்."

மறுமாதம் மருத்துவமனையில் டோக்கன் அக்காவைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஞாயிறு பேச்சு பத்து நிமிடத்துக்குச் சுருங்கியது. ஒருநாள் மெல்லக் கேட்டாள்: "லீவுக்கு இங்க வந்து ஒரு வாரம் இரேன்."

"பாக்கறேன்மா."

அந்த வாரமே உள்ளறையில் ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள்.