திருட்டுப் பூனை வழக்கு

சுனாமிக்குப் பிறகு கிளிஞ்சல்மேட்டுக்காரர்களான எங்களுக்குக் கட்டிக்கொடுத்த தகரக் கொட்டகை வரிசையில் ரகசியம் என்று ஒன்றுக்கு வழியே இல்லை. ஒரு வீட்டுக் குழந்தை தும்மினால் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் "நூறு" என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் அம்மா விற்பதற்காகக் காயவைத்த வாளைக் கருவாடு தினமும் காணாமல் போனது.

பழி எங்கள் பூனைமேல் விழுந்தது. மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகு கரையில் நிற்க, அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கும் மனிதருக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆசை வந்துவிடும்.

"சனிக்கிழம சாக்குல கட்டிக் குரும்பகரத்துல வுட்டுட்டு வந்துடுறேன்" என்றார்.

குரும்பகரத்தில் வயல் உண்டு, எலி உண்டு, மீன் வாசனைதான் கிடையாது. கடற்கரையில் பிறந்த பூனை அங்கே போய் என்ன செய்யும்? நானும் தம்பியும் துப்பறியக் கிளம்பினோம்.

கருவாட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்தோம். மறுநாள் தெளிவான காலடித் தடங்கள் கிடைத்தன. எல்லாம் எங்களுடையவை. தூவும்போதே மிதித்திருக்கிறோம். தம்பி மட்டும் தன் தடத்தை நெடுநேரம் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஊரே உண்ட களைப்பில் கிடந்த நேரம், கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுக்கு அடியில் ஒளிந்துகொண்டோம். பூனை எங்கள் காலடியிலேயே தூங்கியது. கருவாட்டை எடுத்தது அம்மா. முந்தானையில் மறைத்து எடுத்துப் போய்ப் பக்கத்துக் கொட்டகை அக்காவின் வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "சனியன் புடிச்ச பூன, இன்னிக்கும் தூக்கிட்டுப் போயி எங்கயோ போட்டுருச்சு."

தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்தினேன்.

தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்ட நாளிலிருந்து அம்மாவும் அந்த அக்காவும் மாதக்கணக்காகப் பேசுவதில்லை. கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போன வீட்டுக்காரரிடமிருந்து அக்காவுக்குத் தகவலே இல்லை. அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களும் இருந்தன. அம்மா நேரில் கொடுத்திருந்தால் அந்த அக்கா தெருவில் வீசியிருப்பாள். பூனை போட்டுவிட்டுப் போனதை எடுத்துக்கொள்வதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

அம்மாவின் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அக்கா வீட்டுப் பிள்ளைகள் பட்டினி. சொல்லாவிட்டால் பூனைக்கு நாடுகடத்தல். இரவெல்லாம் அழுதேன்.

சனிக்கிழமை காலையில் அப்பா பூனையைச் சாக்கில் போட்டார். நான் சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அம்மா துடைப்பமும் கையுமாக நின்றாள். ஊர் வாயையே அடைக்கும் அம்மா அன்று பெருக்கிய இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கினாள். எதைச் சொன்னாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்போது பக்கத்துத் தகரக் கதவு திறந்தது. அக்கா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணே, அந்தப் பூனைய எங்கயும் கொண்டு வுட்டுறாதீங்க. கருவாட்டோட புளியும் நாலு மொளகாயும் சேத்துக் கொண்டாந்து வைக்கிற பூன வேற எங்க கெடைக்கும்?"

புளியையும் மிளகாயையும் துப்பறிவாளர்களாகிய நாங்கள் கோட்டை விட்டிருந்தோம். அப்பா ஒன்றும் புரியாமல் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

அக்கா விடவில்லை. "உப்புதான் ஒரு கை கூடுதல். அந்தப் பூனைக்கிட்ட சொல்லி வைங்க."

அம்மா வெடுக்கென்று நிமிர்ந்தாள். "கருவாட்டுக்கு உப்புப் போடாம சீனியாடி போடுவாங்க?"

பல மாதங்களுக்குப் பிறகு அம்மா அந்த அக்காவோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.