எந்த ரோடு என்று சொல்லாத செய்தி

செங்கல்பட்டில் இருக்கும் என் மகளுக்கு அன்று வளைகாப்பு. தாய்வீட்டு முறைக்காக உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் ஐந்து வகைச் சோறு கிளறி, அண்டாக்களில் நிரப்பிவிட்டு டிவியைப் போட்டேன். "உத்திரமேரூர் அருகே சாலை மறியல், பதற்றம்!" என்றார்கள். அருகே என்றால் எங்கே? சானல் சானலாக மாற்றிப் பார்த்தேன். பரபரப்பு இசை இருந்தது. ரோட்டின் பெயர்தான் இல்லை.

"சாலவாக்கம் வழியா பூடலாம்" என்றார் கணவர். அண்டாக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வேன் நேராக மறியலுக்குள்ளேயே போய் நின்றது.

குடிதண்ணீர் கேட்டுக் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்த பெண்கள், அண்டாக்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்கள். "எங்களுக்கு சோறு ஆக்கிக்கினு வந்துகீறியாக்கா? நல்லா இரு!"

பசித்த முகத்தைப் பார்த்து இல்லை என்று எப்படிச் சொல்வது? கரண்டியை எடுத்தேன்.

புளிச்சோறு தீரும்போது மகள் போன் செய்தாள். "யம்மா, டிவியில உன்ன வட்டம் போட்டுக் காட்டறாங்க. எங்க கீற? ஊர் பேரே போடலியே!"

தயிர்சோற்றை மட்டும் காப்பாற்றிக்கொண்டு போய் வளையல் அடுக்கினோம்.

இப்போதெல்லாம் கிளம்பும் முன் சாலவாக்கம் டீக்கடைக்காரருக்குப் போன் செய்து, "ரோட்டுல யாராச்சும் குந்திக்கினு கீறாங்களா?" என்று கேட்டுவிடுகிறேன்.

"யாரும் இல்லக்கா, தைரியமா வா. இன்னிக்கு இன்னா சோறு?" என்கிறார்.