ஒன்பது மாலைகள் பூட்டியிருந்த வகுப்பு

ஆப்பிள் தரம்பிரிக்கும் கூடத்தில் எர்மினியா சவாலாவின் கைகளுக்கு நிகரில்லை என்பர். ஆயினும் அந்தப் பனிக்காலத்தில் அவள் நெஞ்சம் கூடத்தில் இல்லை. ஊர்க்கோடி முதியோர் இல்லத்தில், பக்கவாதத்தில் கிடந்த கணவன் எலெயுத்தேரியோவின் கட்டிலருகே இருந்தது. நோய் அவனது வலக்கையைக் கொண்டுபோனதோடு, பிழைக்க வந்த நாட்டில் தோட்டம் தோட்டமாக அலைந்து அவன் ஈட்டிய ஆங்கிலத்தையும் கொண்டுபோயிற்று. எஞ்சியது தாய்மொழியாகிய ஸ்பானிஷ் ஒன்றே. அங்கிருந்த பணிப்பெண்கள் ஸ்பானிஷ் அறியாதவர்கள், ஆனால் நல்லவர்கள். அவன் எது சொன்னாலும் புன்னகைப்பார்கள். புன்னகை தாகம் தீர்க்குமோ?

கூடத்து வேலை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத்தான் விட்டுவைத்தது. துணைச்செவிலிச் சான்றிதழோடு வந்தால் அவன் இருக்கும் பகுதியிலேயே வேலை தருவதாக இல்லத்து மேலாளர் வாக்களித்திருந்தார். அச்சான்றிதழுக்கான மாலை வகுப்பு, அரசு மானியத்தில், மாதா கோவிலின் நிலவறையில் நடந்தது. ஆசிரியை தெல்ஃபினா ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் விளக்கிவிட்டு அதையே ஆங்கிலத்தில் சொல்லவைப்பாள். இரு கரையையும் தொட்டு ஓடும் ஓடம் போன்றது அவள் பாடம்.

"எப்போ கெழவி அந்தச் சீருடையப் போடப்போற?" என்று ஞாயிறுதோறும் எலெயுத்தேரியோ கேட்பான்.

"ஈஸ்டர் கழியட்டும், கெழவா."

"போட்டுட்டு வந்து முதல்ல எனக்குச் சவரம் பண்ணு. இந்தப் பொண்ணுங்க என் மீசையக் கோழி கொத்தின மாதிரி வெட்டிவிடுறாளுங்க."

இவ்வாறிருக்கையில், உடன் பயின்ற ஒப்துலியாவின் அண்ணன் ரொசெந்தோ, மரக்கிளை கழிக்கும்போது நெஞ்சடைத்து ஏணியிலேயே உயிர்நீத்தான். அவர்கள் வழக்கப்படி, அடக்கத்திற்குப் பின் ஒன்பது நாள் மாலையும் அவன் வீட்டில் செபமாலை ஓதவேண்டும். தரையில் சுண்ணாம்புத் தூளால் சிலுவை வரைந்து, இறுதி மாலையில் பாடியபடியே அதனைக் கால்முதல் தலைவரை அள்ளிக் கல்லறை சேர்க்கவேண்டும். ஊரில் அச்செபத்தை முன்னின்று ஓதுபவள் எர்மினியாவே. அவள் அழைத்தாள், வகுப்பு முழுவதும் எழுந்து வந்தது.

தெல்ஃபினா மட்டும் சற்றுத் தயங்கினாள். "மானியம் குடுக்குறவங்க சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்பாங்களாம், எர்மினியா."

"வரட்டும் டீச்சர். சாவு வீடுன்னா யாருக்குத்தான் புரியாது? பசியோட வந்தா சாப்பாடும் இருக்கு."

"நம்ம மிளகாயைத் தின்னுட்டுப் போனா அடுத்த வருஷ மானியத்தையே நிறுத்திடுவான்!" என்று சிரித்துவிட்டுத் தெல்ஃபினாவும் புறப்பட்டாள்.

நிலவறைக் கதவில் எர்மினியா ஒரு தாளை ஒட்டினாள்: 'ஒப்துலியா வீட்டில் துக்கம். எல்லாரும் அங்கே இருக்கிறோம். வாருங்கள், சாப்பிடுங்கள்.' அதை ஸ்பானிஷில் மட்டுமே எழுதினாள். படிக்கப்போகிறவர் நம்மவர்தாமே என்பது அவள் எண்ணம்.

தலைநகரிலிருந்து மானிய அதிகாரி அந்த ஒன்பது நாளுக்குள் இருமுறை வந்தார். பூட்டிய கதவைத் தட்டினார், வாசிக்கத் தெரியாத தாளைப் பார்த்தபடி பனியில் நின்றார், தொலைபேசியில் அழைத்தார். செபவேளையில் எவர் கைபேசியும் ஒலிப்பதில்லை. நடவாத வகுப்புக்கு நிதி எதற்கென்று மானியம் நிறுத்தப்பட்டது.

செய்தியைத் தெல்ஃபினா நின்றபடியே சொன்னாள். "மேல்முறையீடும் போட்டுப் பார்த்துட்டேன். ஒப்துலியாவுக்கு அண்ணன், சரி. மத்தவங்களுக்கு அவர் என்ன உறவுன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நம்ம ஆளுன்னு சொன்னேன். அப்படி ஒரு உறவு அவங்க விதியில இல்லையாம்."

ஒப்துலியா முகத்தை மூடிக்கொண்டாள். "எங்கண்ணன் போனது பத்தாதுன்னு உங்க எல்லார் வாயிலயும் மண்ணு விழுந்துச்சே!"

"சும்மா இருடி," என்றாள் எர்மினியா. "அவனா எங்களக் கூப்பிட்டான்? நாந்தான் கூப்பிட்டேன்."

சொன்ன பிறகே அச்சொல்லின் பாரம் அவள்மேல் இறங்கியது. மலைக்கு அப்பாலுள்ள நகரில் இதே வகுப்பு உண்டு. ஆனால் பகலில், முழுதும் ஆங்கிலத்தில். அங்கே போவதானால் கூடத்து வேலையை விடவேண்டும். வேலையை விட்டால் வீட்டு வாடகை இல்லை.

ஞாயிறு வந்தது. அவள் மறைக்கவில்லை. கேட்டுமுடித்த எலெயுத்தேரியோ இடக்கையால் அவள் கையைப் பற்றினான்.

"ரொசெந்தோ சிலுவைய ஒழுங்கா அள்ளினீங்களா?"

"ஒரு துகள்கூட விடல."

"அது போதும்." பிறகு ஒருபக்க வாயால் சிரித்தான். "என் ஒன்பது நாளுக்குக் கவலையில்ல, கெழவி. விட்டுட்டு வர்றதுக்கு யாருக்கும் வகுப்பு இருக்காது."

அவன் சொல்லும் வேடிக்கைக்கெல்லாம் சிரித்தே பழகியவள் அன்று சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

அவனைப் புரட்டிப் படுக்கவைக்கப் பணிப்பெண் வந்தாள். எர்மினியா தன்னையறியாமல் முழங்காலை மடக்கி அவன் தோளடியில் கையைச் செலுத்தினாள். அப்படித்தான் வகுப்பில் பழகியிருந்தாள். அப்பெண் அவள் கையைக் கனிவோடு விலக்கி, இது ஊழியர் மட்டுமே செய்யவேண்டியது, வெளியே இருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல்லும் எர்மினியாவுக்குப் புரியாமல் போகவில்லை.

அவள் வெளியே வந்தாள், கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து அவன் குரல் ஸ்பானிஷில் வந்தது: "மெதுவாம்மா, அந்தத் தோள் வலிக்குது."

எர்மினியா கதவில் நெற்றியைப் பதித்து அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். உள்ளே குழாயில் தண்ணீர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் மறுபடியும் சொன்னான். அவளும் மறுபடியும், முன்னினும் உரக்கச் சொன்னாள்.