அடித்தவனுக்கு ரன் இல்லை!

போன வாரம் முழுக்க ஒரு விளையாட்டைத் திட்டித் தீர்த்தேன். கிரிக்கெட் இல்லை... பேஸ்பால்!

வளைகுடாவில் ருவைஸ் எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிற எனக்கும் பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் சூப்பர்வைசர் அமெரிக்கர். அந்த விளையாட்டில், நடக்கிற சீஸனில் அதிக ரன் எடுத்தவர்களின் பட்டியலை, போட்டோவோடு பிரிண்ட் எடுத்துக் கதவில் ஒட்டிவைக்கிற மனிதர்.

இந்த வருஷம் பெருநாளும் தீபாவளியும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஷிஃப்டில் இரண்டு பேருக்குத்தான் லீவு. ஒன்று, ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்த எனக்கு. மிச்சம் ஒன்றுக்கு இரண்டு பேர் - பெஷாவர் கான் பாய்க்குப் பெருநாள். மன்னார்குடி முருகேசனுக்குத் தலை தீபாவளி.

யாரை அனுப்புவது? சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். கதவைக் காட்டினார். பட்டியலில் எல்லோரும் ஒன்றிரண்டு ரன் வித்தியாசத்தில்தான் இருந்தார்கள்; சீஸன் முடிய இன்னும் ஒரு வாரம். "ஆளுக்கு ஒருத்தனைச் சொல்லுங்கள். சீஸன் முடியும்போது யாருடைய ஆள் அதிக ரன்னோ, அவருக்கு லீவு."

ஒரு மனிதனின் தலை தீபாவளியை இப்படியா தீர்மானிப்பது? கேட்டிருக்க வேண்டும். அதற்குள் முருகேசன் என்னிடம் ஓடி வந்துவிட்டான்.

"சார், உங்களுக்குத்தான் கிரிக்கெட் தண்ணிபட்ட பாடாச்சே. நீங்களே ஒருத்தனைச் சொல்லுங்க சார்."

புகழ்ந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது. மட்டை, பந்து, ரன்... எல்லாம் நம்ம கிரிக்கெட்தானே? பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்புகிற ஒரு தடியனைக் காட்டினேன். கான் பாயோ, "இவன் நல்லா ஓடுவான், பாய்" என்று அதே டீமில் ஒரு ஒல்லிப்பிச்சானைத் தொட்டார்.

பிறகுதான் தெரிந்தது அந்த அநியாயம். பேஸ்பாலில், அடித்ததற்காக ஒருவன் பேரில் ரன் ஏறாதாம். நான்கு மூலையையும் யார் சுற்றி முடிக்கிறானோ, அவனுக்குத்தான் ரன்! பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்பினாலும் தனக்கு ஒரே ஒரு ரன்தான். ஒல்லி முதலில் இறங்குவான். எதிராளி தாறுமாறாக எறிந்தால், மட்டையை வீசாமலே முதல் மூலைக்கு நடந்து போவான். பின்னால் வந்து எங்கள் தடியன் ஓங்கி அடிப்பான். ஒல்லி ஓடி வந்து ரன் எடுப்பான். தடியன் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான்.

எங்கள் ஆள் அடிக்க அடிக்க, கான் பாயின் ஆளுக்கு ரன்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

சீஸன் முடிந்தது. பட்டியலில் ஒல்லி முதல் இடம். தடியன் ஏழு. சூப்பர்வைசர் "கலாஸ், முடிந்தது" என்று கான் பாயின் லீவில் கையெழுத்துப் போட்டார்.

முருகேசன் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பரவால்ல சார்... மாமனார் தீபாவளிச் சட்டை தைக்கக் குடுத்துட்டாராம். அளவுக்கு என் பழைய சட்டைய எடுத்துட்டுப் போனாராம்" என்றான். எனக்கு மனசு தாங்கவில்லை. நேரே போய் என் லீவை அவன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில், ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "தெரியாத விஷயத்துல உங்களுக்கு எதுக்குங்க ஆலோசனை? தெரியாதுன்னு சொல்ல வாய் வராதா?"

வரவில்லையே! வளைகுடாவில் நம்மவர்களிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும் - விசாவுக்கு வழி, வயிற்று வலிக்கு மருந்து, காருக்கு மெக்கானிக். 'தெரியாது' என்ற ஒரு பதில்தான் கிடைக்காது. நான் மட்டும் விதிவிலக்கா?

வியாழக்கிழமை ஃபிளைட்டில் மனைவியும் பிள்ளைகளும் திருச்சி போகிறார்கள். அதே ஃபிளைட்டில் முருகேசனும். சூப்பர்வைசர் என் தோளைத் தட்டினார். "இதுவும் பேஸ்பாலில் உண்டு. தான் அவுட்டாகி, இன்னொருத்தனுக்கு ரன் வாங்கித் தருவது!"

நல்ல விளையாட்டு... ரன் முருகேசனுக்கு. தீபாவளி டியூட்டி எனக்கு!